ஃப்ரெடி மெர்குரிக்கு முன்னால் ஒரு சொராப்ஜி

'குயீன்' ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது பலருக்கும் தெரியும். அவரைத் தவிர பிரிட்டிஷ் இசையில் பெயர் சொல்லும்படியான பார்சிகள் வேறு யாராவது உண்டா, அவர்கள் இசையில் பார்சி மரபு எங்காவது காதில் விழுகிறதா என்பது கேள்வி. முதல் பாதிக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: உண்டு. மெர்குரி பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே லண்டனை ஒட்டிய ஊரில் பிறந்த கைகோஷ்ரு சொராப்ஜி என்ற இசையமைப்பாளர் இருக்கிறார். மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் சில காலம் வேலை பார்த்த மேத்தா குடும்பம் இருக்கிறது. இரண்டாவது பாதிக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். பலரும் அதைத் தப்பான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பார்சிகள் மிகச் சிறிய சமூகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்தவர்கள் 57,264 பேர்தான். இரானிலிருந்து குஜராத் கரைக்கு வந்து, குஜராத்தியைத் தாய்மொழியாக்கிக்கொண்டு, பிறகு பம்பாயில் வணிகத்தாலும் கப்பல் தொழிலாலும் உயர்ந்தவர்கள். இங்கிலாந்துடன் அவர்களுக்கு இருந்த உறவு பழையது. 1861இலேயே லண்டனில் ஜொராஸ்ட்ரியர்களுக்கென (பார்சிகளின் மதத்தைப் பின்பற்றுகிறவர்கள்) ஒரு சமய அமைப்பு தொடங்கப்பட்டது. 1892 ஜூலையில் தாதாபாய் நௌரோஜி லண்டனின் ஒரு தொகுதியிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இசை விஷயத்தில் அவர்களிடம் ஒரு விசேஷம் உண்டு. தீக்கோயிலில் குருமார் அவெஸ்தா மொழியில் வேண்டுதல்களை ஓதுவார்கள். அதற்கு வாத்தியம் கிடையாது, பாடகர் குழு கிடையாது. கச்சேரி மேடைக்கு அப்படியே எடுத்துப் போகும்படி ஓர் இசை அந்த வழிபாட்டிலிருந்து வளரவில்லை. அதனால் இசை வேண்டும் என்று நினைத்த பார்சிகள் அக்கம்பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1870இல் பம்பாயில் பார்சிகள் தொடங்கிய 'காயன் உத்தேஜக் மண்டலி' இந்துஸ்தானி சங்கீதம் கற்றுக்கொடுத்தது. பிற்பாடு இந்துஸ்தானி ராகங்களை முறைப்படுத்திய பாத்கண்டே இளமையில் அதில் உறுப்பினராக இருந்தவர். பார்சி நாடகக் கம்பெனிகள் உருது, குஜராத்தி, மேற்கத்திய மெட்டு எல்லாவற்றையும் மேடையேற்றின. வசதியான வீடுகளில் பியானோ வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதாகப் புரியும்.

சொராப்ஜியிடம் வருவோம். நௌரோஜி தேர்தலில் ஜெயித்த அடுத்த மாதம், 1892 ஆகஸ்ட் 14 அன்று, எசெக்ஸின் சிங்ஃபர்டில் பிறந்தார். அப்பா ஷாபுர்ஜி சொராப்ஜி, பம்பாயிலிருந்து வந்த பார்சிப் பொறியாளர். அம்மா ஆங்கிலேயர். குழந்தைக்கு வைத்த பெயர் லியோன் டட்லி. இருபது வயதை ஒட்டி அவர் அந்தப் பெயரை உதறிவிட்டு, ஜொராஸ்ட்ரியராகத் தன்னை அறிவித்துக்கொண்டு, கைகோஷ்ரு ஷாபுர்ஜி ஆனார். தன்னை ஆங்கிலேய இசையமைப்பாளர் என்று யாராவது எழுதினால் அவருக்குக் கடும் கோபம் வரும். இந்தியர் என்று எழுதினாலும் அதே கோபம்தான். 'பார்சி' என்ற ஒன்றைத்தான் ஏற்றுக்கொண்டார். நிறத்தைப் பார்த்து ஏளனம் செய்த ஒரு சமூகத்துக்கு நடுவே வளர்ந்த பையன், அந்தச் சமூகத்தின் பெயரையே வேண்டாம் என்றான். இதில் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

அவர் இசைக் கல்லூரியில் படித்தவர் இல்லை. தனியாக ஆசிரியர்களிடம் கற்றார். முதலில் விமர்சகராகத்தான் வர நினைத்தார். இசையமைக்கத் தொடங்கியபோது இருபது வயது தாண்டிவிட்டது. தொடங்கிய பிறகு நிற்கவே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள், கையெழுத்துப் பிரதிகளாக ஏறக்குறைய 11,000 பக்கங்கள். அவற்றில் பெரும்பகுதி பியானோவுக்கு. 1919இல் லண்டன் வந்திருந்த இத்தாலியப் பியானோ மேதை புசோனியின் முன்னால் தன் முதல் சொனாட்டாவை வாசித்துக் காட்டினார். பாக்கின் கட்டுக்கோப்பும் லிஸ்ட்டின் பிரம்மாண்டமும் ஒரே கையில் சேரலாம் என்பதற்கு அவருக்கு முன்மாதிரி புசோனிதான்.

அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட படைப்பு 'ஓபஸ் கிளாவிசெம்பலிஸ்டிகம்'. 1930 ஜூன் மாதம் எழுதி முடித்தார். மூன்று பாகம், பன்னிரண்டு பகுதி, 4 ஃபியூகுகள் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் வடிவம்). நடுவே ஒரு கருவை வைத்து 49 மாறுபாடுகள், பிற்பாடு, ஒரே மெட்டு அடியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாசக்காலியாவில் 81 மாறுபாடுகள். முழுதாக வாசிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசிப் பக்கங்களை முடித்த கையோடு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தலை வெடிக்கிறது, குளிர்சுரம் வந்ததுபோல் உடம்பெல்லாம் நடுங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று கிளாஸ்கோவில் அவரே அதை அரங்கேற்றினார். எரிக் சிஸம் என்ற ஸ்காட்டிஷ் இசையமைப்பாளர் புது இசைக்காக நடத்திவந்த சங்கம்தான் அந்தக் கச்சேரியை ஏற்பாடு செய்தது. படைப்பை ஸ்காட்லாந்துக் கவிஞர் ஹியூ மெக்டையர்மிடுக்குக் காணிக்கையாக்கினார். லண்டன் ஏற்றுக்கொள்ளாத ஒருவரை ஸ்காட்லாந்து வரவேற்றது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

1936இல் வேறொரு பியானோ கலைஞர் லண்டனில் அதன் முதல் பாகத்தை வாசித்தார். வேகம் குறைந்து, நேரம் ஏகத்துக்கும் நீண்டு, கச்சேரி மோசமாகப் போனது. அதன் பிறகு தன் அனுமதி இல்லாமல் யாரும் தன் படைப்பை மேடையில் வாசிக்கக் கூடாது என்று சொராப்ஜி சொல்லிவிட்டார். கேட்டவர்களுக்கு அனுமதியும் கிடைக்கவில்லை. சுமார் 40 ஆண்டுகள் இப்படியே போயின. அந்தக் காலம் முழுக்க அவர் எழுதிக்கொண்டேதான் இருந்தார். வாசிக்க ஆள் வேண்டாம், கேட்க ஆள் வேண்டாம், பணமும் வேண்டாம். பணம் வேண்டாம் என்று இருக்க முடிந்ததற்குக் காரணம் அப்பா வழியில் வந்த குடும்ப அறக்கட்டளை வருமானம். இந்தக் காரணத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், மெர்குரியிடம் வரும்போது தேவைப்படும்.

பிற்காலத்தில் டார்செட்டின் கார்ஃப் காசில் கிராமத்தில் போய்க் குடியேறினார். பார்வையாளர்கள் வர வேண்டாம் என்று வாசலில் பலகையே வைத்திருந்தார். 1976இல்தான் மனம் இளகி, யோன்டி சாலமன் என்ற பியானோ கலைஞருக்கு அனுமதி கொடுத்தார். அந்த டிசம்பரில் லண்டன் விக்மோர் ஹாலில் அவருடைய இசை மறுபடி ஒலித்தது. 1982இல் ஜெஃப்ரி டக்ளஸ் மாட்ஜ் நெதர்லாந்தின் உட்ரெக்டில் 'ஓபஸ்' முழுவதையும் வாசித்தார். பியானோ கலைஞர் ஜான் ஆக்டனின் 'ஓபஸ்' ஒலிப்பதிவு 1989இல் வெளிவந்தபோது சொராப்ஜி இல்லை. 1988 அக்டோபரில், 96 வயதில், இறந்துவிட்டார்.

இப்போது மெர்குரி. ஃபரோக் புல்சாரா 1946 செப்டம்பர் 5 அன்று சான்சிபாரில் பிறந்தார். அப்பா போமி புல்சாரா அங்கே பிரிட்டிஷ் அரசின் உயர் நீதிமன்றத்தில் காசாளர். குஜராத்தின் புல்சார் ஊர்ப் பெயர்தான் குடும்பப் பெயராக இருக்கிறது. வீட்டில் முறைப்படி, பிள்ளையை மதத்தில் சேர்க்கும் நவ்ஜோத் சடங்கு செய்து, சுத்ரா என்ற வெள்ளை உள்ளாடையும் கஸ்தி என்ற கயிறும் அணிவித்தார்கள். எட்டு வயதில் கப்பலேற்றி மகாராஷ்டிராவின் பாஞ்ச்கனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பியானோவில் நான்காம் கிரேடு வரை தேறியது அங்கேதான். 1958இல் 'ஹெக்டிக்ஸ்' என்ற பள்ளிப் பையன்கள் குழுவில் பியானோ வாசித்ததும் அங்கேதான். ஃபரோக் ஃப்ரெடி ஆனதும் அதே பள்ளிக்கூடத்தில்தான். விடுமுறையில் பம்பாயில் அத்தை வீடு. ஆக, பிரிட்டிஷ் ராக் இசையின் மிகப் பெரிய பாடகருக்கு அடித்தளம் போட்டது ஒரு இந்திய மலைவாசஸ்தலத்துப் பள்ளி. பிரிட்டனில் எழுதப்படும் வரலாறுகள் இந்த ஆண்டுகளை இரண்டு பத்தியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

1964 ஜனவரியில் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. அரேபியர்களும் இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் உயிர் தப்பி, லண்டனுக்கு மேற்கே ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஃபெல்தமுக்கு வந்து சேர்ந்தது. விமான நிலையத்தில் சுமை தூக்கும் வேலையும் ஃப்ரெடி பார்த்திருக்கிறார். ஈலிங் கலைக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்து 1969இல் டிப்ளமோ வாங்கினார். பிற்பாடு 'குயீன்' கிதார் கலைஞரான பிரையன் மேயின் வீடும் அதே ஃபெல்தமில் கூப்பிடு தூரத்தில் இருந்தது என்பது பிற்பாடுதான் இருவருக்கும் தெரிந்தது. 1970இல் 'குயீன்' தொடங்கியது, அதை ஒட்டி 'மெர்குரி' என்ற பெயரும் வந்தது. 2016இல் ஃபெல்தம் வீட்டில் நீலப் பலகை பதித்தபோது அதைத் திறந்துவைத்தவர் பிரையன் மேதான்.

பெயரை மாற்றியதை வைத்து, அவர் தன் வேர்களை மறைத்தார், இந்தியத்தன்மையைக் கண்டு வெட்கப்பட்டார் என்று எழுதுகிறவர்கள் நிறைய பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் கல்லூரியில் இருந்தபோதுதான், 1968 ஏப்ரலில், அரசியல்வாதி ஈனாக் பவல் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசிய பேச்சு பிரிட்டனைக் கிளறிவிட்டது. தெருவில் தெற்காசிய முகங்களுக்கு அடி விழுந்த காலம். பண வசதியுள்ள சொராப்ஜியால் ஒரு பாரசீகப் பெயரைச் சூடிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, 40 ஆண்டுகள் மேடையே வேண்டாம் என்று இருக்க முடிந்தது. எல்லாவற்றையும் இழந்து வந்த ஒரு காசாளரின் மகனுக்கு மேடை வேண்டும், ஒலிப்பதிவு ஒப்பந்தம் வேண்டும், கென்சிங்டன் சந்தையில் பழைய துணி விற்கும் கடையிலிருந்து மேலே ஏற வேண்டும். இருவரும் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். எந்தப் பக்கம் போக முடியும் என்பதைக் கையில் இருந்த காசும் காலமும் முடிவு செய்தன.

சரி, மரபு இசையில் கேட்கிறதா? 'குயீன்' குழுவின் சின்னத்தை வரைந்தவர் ஃப்ரெடி. அதன் உச்சியில் சிறகு விரித்த பறவையைப் பார்த்ததும் பாரசீகத்தைத் தேடத் தோன்றும். ஆனால் அந்தச் சின்னத்தின் அடிப்படை நால்வரின் ராசிகள்: இரண்டு சிங்கம், ஒரு நண்டு, கன்னி ராசிக்காக இரண்டு தேவதைகள். பறவை ஃபீனிக்ஸ். இப்படி ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு வரியிலும் ஜொராஸ்ட்ரிய மதத்தைத் தோற்றுவித்த ஜரதுஷ்டிரரைத் தேடிப் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பாட்டுகளில் வேறு ஒன்று கிடைக்கிறது. 1975இல் வந்த 'போஹீமியன் ராப்சோடி'யின் ஆபரா பகுதியில் 'பிஸ்மில்லா' வருகிறது. 1978இல் 'ஜாஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டான 'முஸ்தஃபா' தொழுகை அழைப்பைப் போன்ற நீண்ட இழுப்பில் தொடங்கி, அரபிச் சொற்களையும் பொருளில்லாத ஒலிகளையும் கலந்து ஓடுகிறது. சான்சிபாரில் பிறந்த குழந்தைக்குப் பள்ளிவாசல் குரல் தினசரி ஓசை. சொராப்ஜியைப் பாருங்கள். 1926இல் அவர் பாட்டாக்கியது பாரசீகக் கவிஞர் சாதியின் 'குலிஸ்தான்' வரிகளை. 1940இல் எழுதிய ஒரு நீண்ட பியானோ நாக்டர்னுக்கும் (இரவின் சாயல் கொண்ட இசை) 'குலிஸ்தான்' என்றே பெயர். பாரசீகக் கவிஞர் ஜாமியின் பெயரில் ஒரு பிரம்மாண்டமான சிம்ஃபொனி எழுதினார். சாதியும் ஜாமியும் முஸ்லிம் கவிஞர்கள். தன்னை விடாப்பிடியாக ஜொராஸ்ட்ரியர் என்று சொன்னவர் கற்பனைக்குப் போய் நின்றது இஸ்லாமிய பாரசீகத்தின் தோட்டத்தில். இரண்டு பார்சிகளும் தங்கள் கோயிலிலிருந்து எதையும் எடுக்கவில்லை, அடுத்த வீட்டிலிருந்துதான் எடுத்தார்கள். பம்பாயில் அவர்கள் முன்னோர் செய்ததும் அதுவே. இந்தச் சமூகத்தின் மரபு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இந்தப் பழக்கத்தைத்தான் காட்டுவேன்.

இன்னொன்றும் இருவருக்கும் பொது. ஐரோப்பிய இசை என்ற பெரிய வீட்டுக்குள் வெளியாளாக நுழைந்தவர்கள், அந்த வீட்டுக்காரர்களே கூச்சப்படும் அளவுக்கு அதன் ஆடம்பரத்தைக் கொண்டாடினார்கள். பிரிட்டிஷ் ரசனை அடக்கத்தை உயர்வாக நினைத்த காலத்தில் சொராப்ஜி நான்கு மணி நேரம் ஓடும் பியானோ படைப்பு எழுதினார். மெர்குரி மூன்று பேர் குரலை அடுக்கடுக்காக மேலே மேலே பதிந்து ஓர் ஆபரா கோஷ்டியையே உண்டாக்கினார். 5 நிமிடம் 55 விநாடி ஓடும் பாட்டை வானொலி தொடாது என்றார்கள். அது பிரிட்டனில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1988இல் வந்த 'பார்சிலோனா' ஆல்பத்தில் ஸ்பானிய ஆபரா பாடகி மோன்செராட் கபாயேவுடன் பாடியதை விசித்திரமான பக்கவழி என்பார்கள். எனக்கு அது அவர் போக நினைத்த ஊருக்கே போய்ச் சேர்ந்த இடமாகத் தெரிகிறது. இருவரும் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்கள் என்பதும், அது குற்றமாக இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் என்பதும் இந்தத் துணிச்சலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1991 நவம்பர் 24 அன்று எய்ட்ஸால் மெர்குரி இறந்தபோது, இறுதிச் சடங்கை நடத்தியவர்கள் ஜொராஸ்ட்ரிய குருமார். உலகம் வேறு பெயரில் அறிந்தவரைச் சமூகம் தன் முறைப்படிதான் வழியனுப்பியது.

மேத்தா குடும்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவர்கள் பிரிட்டனில் நிலைத்துவிடவில்லை. வயலின் கலைஞர் மெஹ்லி மேத்தா 1935இல் பம்பாய் சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர். 1950களின் பிற்பாதியில் மான்செஸ்டரின் ஹாலே ஆர்கெஸ்ட்ராவில், ஜான் பார்பிரோலியின் கீழ், துணை கன்சர்ட்மாஸ்டராக (முதன்மை வயலின் கலைஞருக்கு அடுத்தவர்) இருந்தார். பிறகு அமெரிக்கா போய்விட்டார். மகன் சுபின் வியன்னாவில் படித்துவிட்டு, 1958இல் லிவர்பூலில் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர்களுக்காக நடந்த சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு பெற்றார். பரிசே அந்த ஊர் ஆர்கெஸ்ட்ராவில் ஓராண்டு துணை நடத்துநர் வேலைதான். அவருடைய உலகப் பயணத்துக்கு முதல் வாசல் அது. ஆகவே சுபின் மேத்தாவை பிரிட்டிஷ் இசைக்காரர் என்று யாராவது பட்டியலில் சேர்த்தால் அது சரியில்லை. பிரிட்டனில் தொடக்கம் கிடைத்த பம்பாய்க்காரர், அவ்வளவே. ஆனால் மெஹ்லியைப் பற்றி இன்னும் அதிகம் எழுதப்பட வேண்டும். பம்பாயில் ஓர் ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கியவர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு ஆங்கில ஊரில் மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து வயலின் வாசித்து வாழ்ந்தார். பிரபலமானவர்கள் வாழ்க்கையில் தெரியாத ஒரு உழைப்பு அதில் இருக்கிறது.

கேட்டுப் பார்க்க விரும்பினால், சொராப்ஜியை 'ஓபஸ்' வழியாகத் தொடங்காதீர்கள். முதல் தடவையிலேயே சோர்ந்துவிடுவீர்கள். 1923இல் எழுதிய 'லெ ஜார்தான் பார்ஃப்யூமே' சுமார் 20 நிமிடம்தான். ராத்திரி நேரத்தில், வேறு வேலை இல்லாமல் கேளுங்கள். 1930இல் அவர் அதை வானொலியில் வாசித்தபோது கேட்ட ஆங்கில இசையமைப்பாளர் டீலியஸ் பாராட்டிக் கடிதம் எழுதினார். அது பிடித்தால் 'குலிஸ்தான்', அதன் பிறகு ஆக்டன் வாசித்த 'ஓபஸ்'. மெர்குரியில் எல்லோரும் 1985இல் நிதி திரட்ட நடந்த 'லைவ் எய்ட்' கச்சேரியின் காணொளியிலிருந்து தொடங்குவார்கள், தப்பில்லை. அப்புறம் 1974இல் வந்த 'குயீன் 2' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைக் கேளுங்கள். அந்தப் பக்கம் முழுக்க அவர் எழுதிய பாட்டுகள். தேவதைகள், அரக்கர்கள், கடல்கள், ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குள் இடைவெளி இல்லாமல் ஓடும் அடுக்குக் குரல்கள். அதோடு 'முஸ்தஃபா'வையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.